கிளவுஸுக்குள்ள ரெண்டு வளையல்

போன வாரம் நம்ம தமிழ்ச் சங்கத்து சீனியர்ஸ் குரூப்ல ஒரு நோட்டீஸ் வந்துச்சு. அட்லான்டிக் சிட்டிக்கு ஜாலி ட்ரிப்பாம். பஸ் ஃப்ரீ, மதியம் பஃபே, ஆளுக்கு இருபது டாலருக்கு ஸ்லாட் மெஷின்ல விளையாட ஃப்ரீ ஸ்லிப். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பொண்ணு ஜெசிந்தாதான் படிச்சுச் சொன்னா. படிச்சு முடிச்சு ஃபோனை கீழ வெக்கப் போனா. நான் விடல.

"அடியில பொடி எழுத்துல என்னமோ இருக்குமே, அதையும் படி."

அவ ஃபோனைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, "ஆமாம்மா. ப்ளீஸ் கேம்பிள் ரெஸ்பான்சிப்ளி, அதான் பொறுப்பா சூதாடுங்கன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கு. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"ங்கறா.

எப்பிடித் தெரியுமா! பத்தொம்போது வருஷம் அந்தப் பொடி எழுத்தை ஸ்ப்ரே அடிச்சுத் தொடச்சவடி நான்.

அடுத்த நாளே நம்ம ராஜேஷ் தம்பி, அதான் ட்ரிப்பை அரேன்ஞ் பண்ற பையன், ஃபோன் பண்ணிடுச்சு. "ஆன்ட்டி, நீங்க கேசினோலயே வேலை பாத்தவங்க. எப்பிடி சேஃபா என்ஜாய் பண்றதுன்னு பஸ்ல அஞ்சு நிமிஷம் பேசுங்க. சங்க மலர்ல போடவும் எழுதிக் குடுங்க"ன்னுச்சு. அஞ்சு நிமிஷமாம்! எனக்கு ரசத்துக்குத் தாளிக்கவே அஞ்சு நிமிஷம் ஆவும். சரி, நான் பேசறேன், ஜெசிந்தா டைப் பண்றா. "ஸ்லோவா சொல்லும்மா"ன்னு வேற ஆர்டர் போடறா. அவ கெடக்கறா.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் கேசினோக்கு விரோதி இல்ல. ரிட்டையர் ஆன பெறவு வருஷத்துக்கு ரெண்டு வாட்டி நானே போறேன். ஈஸ்டர் முடிஞ்சு ஒரு வாட்டி, என் பொறந்த நாளுக்கு ஒரு வாட்டி. கைக்குட்டையில இருபது டாலர் முடிஞ்சு எடுத்துக்குவேன். ஏடிஎம் கார்டு வீட்லயே கெடக்கும். மொதல்ல வயிறாரச் சாப்புடுவேன், அப்புறம்தான் மெஷினு. இருபது போச்சுன்னா போச்சு, சினிமாவுக்குப் போன மாதிரி. கடல் காத்து வாங்கிட்டு வந்துடுவேன். ஒருவாட்டி அறுபது ஜெயிச்சேன். அந்தக் காசுல வாங்கின குக்கர்லதான் இப்பயும் எங்க வீட்ல சோறு பொங்குது. என்ன பளபளப்புங்கறீங்க!

அதனால கேசினோன்னாலே பாவம்னு மூஞ்சைச் சுளிக்கறவங்களைக் கண்டா எனக்குக் கோவம் வரும். ஆனா அவங்க மேல வர்ற கோவம் தும்மல் மாதிரி, வந்துட்டுப் போயிடும். இன்னொரு கோவம் இருக்கு. அது பன்னெண்டு வருஷமா அப்பிடியே உக்காந்துருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்.

நான் ராயபுரத்துக்காரி. எங்க வீட்டுக்காரர் அட்லான்டிக் சிட்டியில ஒரு ஓட்டல் கிச்சன்ல வேலைக்கு வந்தாரு, பின்னாடியே நானும் வந்தேன். வந்த ஆறாம் மாசமே ஒரு கேசினோல கிளீனிங் வேலை. எனக்கு அப்ப இங்கிலீஷ்ல தெரிஞ்சது யெஸ், நோ, தேங்க்யூ, அவ்ளோதான். ட்ரெயினிங்குன்னு மூணு நாள் ஒரு டிவி முன்னாடி உக்கார வெச்சாங்க. ஒண்ணும் புரியல. நாலாவது நாள் மிஸ் கிளாடிஸ் கையில புடிச்சுக் குடுத்துட்டாங்க. அவங்கதான் எங்க சூப்பர்வைசர். கறுப்பின அம்மா, நல்ல ஒசரம், வெள்ளி மாதிரி நரைச்ச முடி. என் வாத்தியார், என் பரீட்சை, என் ரிப்போர்ட் கார்டு எல்லாம் அவங்கதான்.

அவங்க கத்தி நான் கேட்டதே இல்ல. எல்லாரையும் 'மாமா'ம்பாங்க. நம்ம மாமா இல்லீங்க, அம்மாங்கறதை அப்பிடிச் சொல்லுவாங்க. ஒரு பாத்ரூமைச் செக் பண்ண வந்தாங்கன்னா நேரா நின்னு பாக்க மாட்டாங்க. கழுத்தைச் சாய்ச்சு, கண்ணாடியை ஓரத்துலேர்ந்து பாப்பாங்க. நேரா பாத்தா மூஞ்சிதான் தெரியும், சாய்ச்சுப் பாத்தாதான் அழுக்கு தெரியும்னு சொல்லிக் குடுத்தாங்க. தப்பு இருந்தா சொல்ல மாட்டாங்க. ஒரு வெள்ளை டிஷ்யூவால அந்த எடத்தைத் தொட்டு, டிஷ்யூவை என் கையில வெச்சுட்டுப் போயிடுவாங்க. அதுக்கு நாலு அறை வாங்கிக்கலாம்.

வேலைன்னா சும்மா இல்ல. செவப்புத் துணி டாய்லெட்டுக்கு, மஞ்சத் துணி வாஷ்பேசினுக்கு, நீலத் துணி கண்ணாடிக்கு. மாத்தினா தொலைஞ்சோம். மேலேர்ந்து கீழ, காஞ்சதை மொதல்ல, ஈரத்தைக் கடைசியில. மெஷின் மேல ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, துணியில அடிச்சுத்தான் தொடைக்கணும். நாற்காலியில கோட்டு தொங்குச்சுன்னா அந்தப் பக்கமே போகக் கூடாது. யாரோ அந்த மெஷினைப் புடிச்சு வெச்சுட்டு ஒண்ணுக்குப் போயிருக்காங்கன்னு அர்த்தம். தரையில ஜெயிச்ச ஸ்லிப்பு கெடந்தா குனியக் கூடாது. அது பக்கத்துலயே காவல் மாதிரி நின்னுட்டு ரேடியோல ஆளைக் கூப்புடணும். எங்க யூனிஃபார்ம்ல பாக்கெட்டே கெடையாது, தச்சு மூடியிருப்பான். சாப்பாட்டுப் பை கூட கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். என் புளி சாதம் ஊருக்கே தெரியும். கல்யாண மோதரம் தவிர நகை போடக் கூடாது. அரை மணிக்கு ஒருவாட்டி கதவுக்குப் பின்னாடி தொங்கற பேப்பர்ல கையெழுத்து. எனக்குத்தான் எழுத வராதே, ஒரு வட்டம் போட்டு நடுவுல புள்ளி வெப்பேன். பத்தொம்போது வருஷமும் என் கையெழுத்து அதான்.

ஒவ்வொரு டாய்லெட் ஸ்டால் கதவுலயும் உள்பக்கம், உக்காந்தா கண்ணுக்கு நேரா, கண்ணாடி போட்ட ஒரு சட்டம் மாட்டியிருக்கும். நீலக் கலர்ல எழுத்து, அடியில நம்பர். அதையும் நீலத் துணியாலதான் தொடைக்கணும். நான் ஏதோ சோப்பு விளம்பரம்னு நெனச்சிருந்தேன். சத்தியமா.

இப்ப வசந்தா அக்கா கதைக்கு வர்றேன். பேரை மாத்திடட்டுமாக்கான்னு அவங்களையே கேட்டேன். "வசந்தான்னே போடு பிலோ. நியூ ஜெர்சியில எத்தினி வசந்தா"ன்னாங்க. என் பேரு பிலோமினா, அவங்களுக்கு மட்டும் பிலோ.

அக்கா திருச்சியில டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. மகன் வீட்டுக்கு, இதே மான்மவுத் ஜங்ஷனுக்கு, பேரப்புள்ளையப் பாத்துக்க வந்தாங்க. புள்ளை ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும் பகல் பூரா தனியா. கார் ஓட்டத் தெரியாது. யாரோ ஒரு ஆன்ட்டி சீனியர்ஸ் பஸ்ல கூட்டிட்டு வந்தாங்க. மொதல் நாள் பாத்ரூம்ல என் பேட்ஜைப் படிச்சுட்டு, "பிலோமினாவா? தமிழா?"ன்னு கேட்டாங்க. எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? ரேடியோல ரெண்டு வாட்டி கூப்புட்டாங்க, காதுலயே விழல.

அன்னிக்கு அவங்களும் என்னை மாதிரிதான், இருபது டாலர் ஆளு. அப்புறம் செவ்வாக்கெழமை வந்தாங்க. அப்புறம் செவ்வாயும் வியாழனும். ஏன் வர மாட்டாங்க? கேசினோக்காரன் வீட்டுக்கே கார்டு அனுப்பறான். பொறந்த நாளைக்கு ஃபோன் பண்றான், "மிஸஸ் வசந்தா, வி மிஸ்டு யூ"ங்கறான். பெத்த புள்ளை ஆபீஸ் மீட்டிங்ல இருக்கு, இவன் கூப்புட்டு மிஸ் பண்றேங்கறான்!

பாத்ரூம்ல நிக்கறவளுக்கு மத்தவங்க மூஞ்சி தெரியாது, கைதான் தெரியும். கை கழுவும்போது நான்தானே டவல் நீட்டறவ. அக்கா கையில ஆறு தங்க வளையல். அவங்களோடது இல்ல, மருமகளோடது. அந்தப் பொண்ணு நர்ஸ், வேலையில வளையல் போட முடியாது. "லாக்கர்ல தூங்கறதுக்கு நீங்க போட்டுக்கங்க அத்தை"ன்னு ஆசையாப் போட்டு விட்டுருக்கு. ஒரு வியாழக்கெழமை பாக்கறேன், அஞ்சு இருக்கு. அப்புறம் நாலு. எங்க கேசினோலேர்ந்து ரோட்டைக் கடந்தா நகையை வாங்கிக்கிட்டுக் காசு குடுக்கற கடை வரிசையா இருக்கும். நான் ஒண்ணும் கேக்கல. கெஸ்ட்டு கிட்ட சொந்த விசயம் பேசக் கூடாதுன்னு ரூலு. ரூலுன்னு சொல்லித் தப்பிச்சேன்னுதான் சொல்லணும்.

அந்த நாள் வியாழக்கெழமை, மதியம் ஒண்ணு இருக்கும். கடைசி ஸ்டால்ல அழுவற சத்தம். நான் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்"ன்னேன்.

"நான்தான் பிலோ."

வெளிய வந்தாங்க. கையில ரெண்டே ரெண்டு வளையல்.

"எதிர்க் கடையில வெலை கேட்டுட்டு வந்துட்டேன்"ன்னாங்க.

"அக்கா, அது உங்க மருமகளோடது."

"தெரியாமலா அழுவறேன்? இந்தா, இதைக் கழட்டித் தர்றேன், நீ வெச்சுக்க. நாலு மணிக்கு பஸ் ஏறும்போது குடு. நடுவுல நான் வந்து கேப்பேன். குடுக்காத. அழுதாலும் குடுக்காத. திட்டினாலும் குடுக்காத."

வாங்கிட்டேன். பாக்கெட் இல்ல, பை கண்ணாடி. நம்ம பொம்பளைங்களுக்குத் தங்கம் பத்தரமா வெக்கற எடம் எது? கைதானே! போட்டுக்கிட்டு மேல ரப்பர் கிளவுஸை இழுத்து விட்டுக்கிட்டேன். முழங்கை வரைக்கும் வர்ற கிளவுஸு. எனக்கு அது கொஞ்சம் கூடத் தப்பாத் தெரியல. ஊர்ல பக்கத்து வீட்டு அக்கா குளிக்கப் போகும்போது கழட்டிக் குடுத்தா போட்டுக்க மாட்டோமா?

ரெண்டு மணிக்கு வந்துட்டாங்க.

"குடு பிலோ."

"நாலு மணிக்குத்தானேக்கா?"

"மெஷின் இப்பதான் குடுக்க ஆரம்பிச்சிருக்கு. எடத்துல கோட்டு போட்டுட்டு வந்துருக்கேன். இன்னும் கொஞ்சம் போட்டா எல்லா வளையலையும் மீட்டுடுவேன்."

"குடுக்காதன்னு சொன்னது நீங்கதானே?"

"சொன்னதும் நான்தான், இப்பக் கேக்கறதும் நான்தான். குடுடி!"

நான் மாப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கெஞ்சினாங்க. அப்புறம் கண்ணு மாறிடுச்சு. "கக்கூஸ் கழுவறவளுக்கு இவ்ளோ திமிரா?"ன்னாங்க. அது நெஞ்சுல குத்துச்சு. ஆனாலும் குடுக்கல. குத்தினதாலயே குடுக்கலன்னு வெச்சுக்கங்களேன்.

பத்து நிமிஷத்துல மூணு பேர் வந்து நின்னாங்க. ஒரு செக்யூரிட்டி ஆபீசரு, கோட்டு சூட்டு போட்ட ஒரு மேனேஜரு, மிஸ் கிளாடிஸ். பின்னாடி அக்கா. கிளீனிங் லேடி நகையை வெச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கறான்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்காங்க. கேசினோ பூரா கேமரா, லேடீஸ் ரூம்ல மட்டும் கெடையாது. நான் சொல்றதுக்கு சாட்சின்னு பாத்தா செவுரும் வாஷ்பேசினும்தான். அப்ப எனக்கு கிரீன் கார்டுதான், சிட்டிசன் ஆகல. திருட்டுன்னு ஒரு வார்த்தை பேப்பர்ல ஏறினா வேலை போவும், கார்டு போவும், ஜெசிந்தா காலேஜ் போவும்.

மிஸ் கிளாடிஸ் கத்தல. "மாமா, கிளவுஸைக் கழட்டு"ன்னாங்க.

கழட்டினேன். பளபளன்னு ரெண்டு வளையல். மேனேஜர் உஸ்ஸுன்னு மூச்சு விட்டாரு.

"குடுத்தாங்களா, எடுத்தியா?"ன்னு மிஸ் கிளாடிஸ் கேட்டாங்க.

"குடுத்தாங்க. கேட்டாலும் தராதன்னு சொல்லிக் குடுத்தாங்க."

மிஸ் கிளாடிஸ் இப்ப அக்கா பக்கம் திரும்பினாங்க. கழுத்தைச் சாய்ச்சு, கண்ணாடியைப் பாக்கற மாதிரியே அக்காவைப் பாத்தாங்க. "நெஜமாம்மா?"

அக்கா நான் அப்பதான் தொடச்ச தரையைப் பாத்துட்டு நின்னாங்க. ஆமான்னா அவங்க மானம் போவும். இல்லேன்னா என் பொழப்பு போவும். அப்புறம், "நான்தான் குடுத்தேன். அவ எடுக்கல"ன்னாங்க.

இங்கதான் கேக்கணும் நீங்க. அந்த மேனேஜர் என்ன பண்ணாரு தெரியுமா? வளையலை என்கிட்டேர்ந்து வாங்கி அக்கா கையில குடுத்தாரு. "உங்களுக்கு ஏற்பட்ட தொந்தரவுக்கு வெரி சாரி"ன்னாரு. சொல்லிட்டுக் கோட்டுக்குள்ள கை விட்டு ஒரு ஸ்லிப்பை எடுத்து நீட்டினாரு. இருபத்தஞ்சு டாலருக்கு ஃப்ரீயா வெளையாடலாம்! ஒரு பொம்பளை அவர் கண்ணு முன்னாடி, என்னைக் காப்பாத்துன்னு நகையைக் கழட்டி வேறொருத்தி கையில பூட்டி வெச்சிருக்கா. அந்தாளு திரும்ப அவளை மெஷினுக்கு அனுப்பறாரு, சிரிச்ச மூஞ்சியா. பன்னெண்டு வருஷமா உக்காந்துருக்குன்னேனே, இந்தக் கோவம்தான்.

மிஸ் கிளாடிஸ் அந்த ஸ்லிப்பை அக்கா வாங்கறதுக்கு முன்னாடியே வாங்கிட்டாங்க. "ஜென்டில்மென், இது லேடீஸ் ரூம்"ன்னு ரெண்டு ஆம்பளைங்களையும் வெளிய நிக்கச் சொன்னாங்க. அக்கா முழங்கையைப் புடிச்சுக் கடைசி ஸ்டாலுக்குக் கூட்டிட்டுப் போய், கதவுல இருந்த அந்தச் சட்டத்துல வெரலை வெச்சு, ஒவ்வொரு வார்த்தையா சத்தமாப் படிச்சாங்க. சூதாட்டம் உங்களுக்குப் பிரச்சனையா இருந்தா இந்த நம்பருக்குக் கூப்புடுங்க, நீங்களே விரும்பினா உள்ள விடாத லிஸ்ட்ல பேரைச் சேக்கலாம்னு.

நான் வெளிய மாப்போட நின்னுட்டே கேட்டேன். "மிஸ் கிளாடிஸ், அதுலயா அப்பிடி எழுதியிருக்கு?"

"தெனம் நீதானே மாமா தொடைக்கற?"

நான் செத்துட்டேன். அக்கா வளையலைக் கழட்டின எடத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் ரெண்டடிதான். படிக்கத் தெரிஞ்சிருந்தா கிளவுஸுக்குப் பதிலா வெரலை நீட்டியிருப்பேன். "அக்கா, எனக்குத்தான் எழுத்து தெரியாது. நீங்க டீச்சராச்சே, பாக்கலயா?"ன்னு கேட்டுட்டேன்.

"நூறு தடவை பாத்துருக்கேன் பிலோ. பிரச்சனை இருந்தான்னு ஆரம்பிக்குது. எனக்குப் பிரச்சனை இல்லன்னு அதோட நிறுத்திட்டேன். அடுத்த வரிக்குப் போனதே இல்ல."

எப்பிடிப் போவாங்க? உள்ள அவ்ளோ பெரிய மெஷினு, எல்லாத்துலயும் ஜெயிங்க ஜெயிங்கன்னு லைட்டு. பொறுப்பா ஆடுங்கன்னு மட்டும் பொடி எழுத்துல கக்கூஸ் கதவுல! வாசல்லயும் ஒரு மூலையில இருக்காம், ஜெசிந்தா சொல்றா. அந்தப் பொறுப்பு யாருக்கு? கதவைச் சாத்திக்கிட்டு அழுவறவளுக்கு மட்டும். வீட்டுக்குக் கார்டு அனுப்பறவனுக்குக் கெடையாது, பொறந்த நாளைக்கு ஃபோன் பண்றவனுக்குக் கெடையாது, கோட்டுக்குள்ள ஸ்லிப்பு வெச்சிருக்கறவனுக்குக் கெடையாது. நல்லா இருக்குங்க நியாயம்!

அக்கா சரின்னதும், அன்னிக்கே மிஸ் கிளாடிஸ் அந்த லிஸ்ட் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அக்காவைப் போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி, அஞ்சு வருஷத்துக்கு உள்ள விடக் கூடாதுன்னு லிஸ்ட்ல போட்டாங்க. நாலு மணிக்கு ரெண்டு வளையலோட பஸ் ஏறினாங்க. அன்னிக்கு ராத்திரியே மகன்கிட்டயும் மருமககிட்டயும் சொல்லிட்டாங்க. மருமக ஒரு மாசம் பேசல. அப்புறம் பேசிச்சு.

எனக்கு? மூணு நாள் சம்பளத்தைக் கட் பண்ணிட்டாங்க. கெஸ்ட்டு பொருளை வெச்சுக்கிட்டது, வேலையில நகை போட்டது, ரெண்டு தப்பு. மிஸ் கிளாடிஸ் பேப்பரைக் கொண்டாந்தாங்க. நான் வழக்கம்போல வட்டம் போடப் போனேன். கையைப் புடிச்சுட்டாங்க. "என்ன எழுதியிருக்குன்னு கேக்காம இனிமே எதுலயும் போடாத"ன்னு சொல்லி அவங்களே படிச்சுக் காட்டினாங்க. கெஸ்ட்டு நகையை எடுத்தாள்னு இருந்துச்சு.

"எடுத்தாள்னு இருந்தா நான் போட மாட்டேன். வாங்கி வெச்சாள்னு மாத்துங்க."

என்னை ஒரு பார்வை பாத்தாங்க. பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடிச்சு மேல எழுதினாங்க. அப்புறம்தான் வட்டம் போட்டு புள்ளி வெச்சேன், வழக்கத்தை விடப் பெருசா.

அதுக்கப்புறம் நான் ரிட்டையர் ஆவற வரைக்கும் ரூலாவது ஒண்ணாவது. பாத்ரூம்ல யாராவது அழுதா, கதவைத் தொடைக்கற சாக்குல அந்தச் சட்டத்துல வெரலை வெச்சு, "ரீட் திஸ். செகண்ட் லைன்"னு சொல்லுவேன். மிஸ் கிளாடிஸ் பாத்துட்டு கழுத்தைத் திருப்பிக்குவாங்க.

ராஜேஷ் தம்பி, இப்ப உனக்குத்தான். ட்ரிப்பை நிறுத்துன்னு சொல்லல. ஜாலியாப் போலாம், நானும் வர்றேன். ஆனா நோட்டீஸை அடிக்கும்போது அந்தப் பொடி எழுத்தைப் பெருசாப் போடு, தமிழ்ல போடு. பஸ் போகும்போதே மைக்குல படி, திரும்பி வரும்போது படிச்சுப் புண்ணியமில்ல.

நேத்து வசந்தா அக்காவுக்கு ஃபோன் பண்ணி விசயத்தைச் சொன்னேன். "நானும் வர்றேன் பிலோ"ன்னுட்டாங்க.

"அக்கா, உங்க பேரு லிஸ்ட்ல இருக்கே? அஞ்சு வருஷம் முடியற ஒவ்வொரு வாட்டியும் நீங்களே போயி மறுபடி போட்டீங்களே?"

"உள்ள யாரு வரப் போறா? வெளிய போர்டுவாக்ல, அந்தக் கடலோர நடைபாதையில, பெஞ்ச்சு இருக்குல்ல, அங்க உக்காந்து கடலைப் பாத்துட்டு இருப்பேன். எல்லாரும் இருபது டாலரை மட்டும் எடுத்துக்கிட்டு, வளையல், செயின், ஏடிஎம் கார்டு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு என் மடியில வெச்சுட்டுப் போகட்டும்."

"நடுவுல யாராவது வந்து கேட்டா?"

"குடுக்க மாட்டேன்."

"அழுதா?"

"அழுதாலும் குடுக்க மாட்டேன்."

"கன்னா பின்னான்னு திட்டினா?"

"அதை ஒருத்தி வாங்கிக்கிட்டு நின்னதை நான் பாத்துருக்கேன்"ன்னாங்க.

அதனால தம்பி, பஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டு அக்காவுக்கு. மொதல் வளையல் என்னோடது, அவங்க மடியில வெச்சுட்டுத்தான் நான் உள்ள போவேன். அந்த இருபது டாலர் ஃப்ரீ ஸ்லிப்பை மட்டும் அவங்க பேர்ல வாங்கிடாத.